கீழ்ப்பாக்கம் முதல் ஏர்வாடி வரை: ஏழைக்கு மனநல சிகிச்சை எவ்வளவு தூரம்?

"இவன் கீழ்ப்பாக்கத்துல சேர்க்க வேண்டிய கேஸ்!"

தமிழ்நாட்டில் வளர்ந்த யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. வகுப்பறையில், டீக்கடையில், சினிமாவின் காமெடி டிராக்கில் என்று எல்லா இடத்திலும் இது புழங்குகிறது. ஊருக்கு ஊர் பெயர் மட்டும் மாறும். திருச்சிப் பக்கம் குணசீலம், இராமநாதபுரம் பக்கம் ஏர்வாடி. ஒரு ஊரின் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது என்றால், அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. இருநூறு வருடங்களுக்கும் மேற்பட்ட கதை அது.

அந்தக் கதையை மருத்துவக் கதையாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதை ஒரு வரவு செலவுக் கதையாகப் பார்க்கிறது. கையில் காசு இல்லாத ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் வந்தால் அந்தக் குடும்பம் எங்கே போனது? யார் பணம் கொடுத்தார்கள்? யார் பணம் வாங்கினார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் விடை ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. டாக்டர் ஃபீஸ் பெரிய பிரச்சினையாக இருந்ததே இல்லை. தூரம்தான் பிரச்சினையாக இருந்தது.

சரி, ஆரம்பத்தில் இருந்து பார்ப்போம்.

வியாபாரமாகத் தொடங்கிய ஒன்று

1794ஆம் ஆண்டு. சென்னை அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊர். கம்பெனியின் மருத்துவர்களில் ஒருவரான வாலன்டைன் கானலி, மனநிலை பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைக்க ஒரு விடுதியை ஏற்படுத்தினார். தென்னிந்தியாவில் இப்படி ஏற்பட்ட முதல் இடம் இதுதான்.

இன்று நினைப்பதுபோல அது அரசு மருத்துவமனை அல்ல. அது ஒரு தனியார் தொழில்! இடம் கானலியுடையது. அங்கே வைக்கப்பட்டவர்களுக்காகக் கம்பெனி பணம் செலுத்தியது. ஒரு கட்டத்தில் கானலி அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார். கைமாறிக் கைமாறி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் டால்டன் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்தது. அவர் காலத்தில் அதற்கு ஊரில் வழங்கிய பெயரே 'டால்டனின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி'. ஒரு கடைக்கு முதலாளி பெயரை வைப்பது போலத்தான்.

தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும் தொழிலில் லாபம் எங்கிருந்து வரும்? படுக்கை நிறைய வேண்டும், செலவு குறைய வேண்டும். உள்ளே இருப்பவர் குணமாகி வீட்டுக்குப் போனால் வருமானம் குறையும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வருடம் கழித்து வேறொரு ஊரில் இதே கணக்கு மறுபடியும் வரப்போகிறது.

உயர்ந்த சுவர்

19ஆம் நூற்றாண்டில் அரசே இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக்ஸ் தோட்டம் என்ற இடத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் நிற்பது அதே வளாகத்தில்தான்.

அரசு வந்துவிட்டது, இனி ஏழைக்குச் சிக்கல் இல்லை என்று நினைக்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. காரணம், உள்ளே போகும் வழி மருத்துவரிடம் இல்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவை மையமாக வைத்தே எழுதப்பட்டவை. தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்து வரும். மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அதன் பிறகு கதவு திறக்கும். நோயாளி என்பதை விட, சமூகத்துக்கு ஆபத்தானவர் என்ற பார்வைதான் அந்தச் சட்டங்களில் இருந்தது.

ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் நிலையில் இருந்து இதைப் பாருங்கள். ராத்திரி தூக்கம் இல்லாமல், யாரோ பேசுவது போலக் கேட்கிறது என்று புலம்பும் மகனுக்காகக் கச்சேரி வாசலில் போய் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் எந்தத் தகப்பன் அதைச் செய்வார்? ஊர் என்ன சொல்லும்?

அப்படியே போனாலும் இடம் இருந்ததா? அதுவும் இல்லை. சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், 1946இல், போர் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. (சர் ஜோசப் போர் தலைமையில் இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த குழு இது.) அந்த அறிக்கை சொன்ன கணக்கு: இந்தியா முழுவதும் மனநல மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் சுமார் 10,000. அதாவது ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒரு படுக்கை. அதே நேரம் இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒரு படுக்கை. இருந்த மருத்துவமனைகளில் பலவும் குணப்படுத்துவதற்காகக் கட்டப்படவில்லை, காவலில் வைப்பதற்காகக் கட்டப்பட்டவை என்பதையும் அந்த அறிக்கை மறைக்கவில்லை.

மாத்திரையும் குடும்பமும்

1952இல் பாரிஸில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. குளோர்புரோமசின் என்ற மருந்து மனச்சிதைவு நோயில் வரும் கடும் கொந்தளிப்பைக் குறைக்கிறது என்று தெரியவந்தது. அடுத்த சில வருடங்களில் அது இந்தியாவுக்கும் வந்தது. அதுவரை ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்களில் பலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்ற நிலை உருவானது.

இதன் பொருளாதார அர்த்தம் மிகப் பெரியது. சிகிச்சை என்றால் கட்டடம், சுவர், காவலாள் என்று இருந்தது போய், மருந்தும் அதை எழுதித்தரும் ஒரு மருத்துவரும் போதும் என்று ஆனது. கட்டடத்தை ஊருக்கு ஊர் கட்ட முடியாது. மருந்தை ஊருக்கு ஊர் கொண்டுபோக முடியும் அல்லவா?

அதே 1950களில் இந்தியாவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957இல் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியுடன் ஒரு உறவினர் தங்குவதையே வழக்கமாக்கியது. வெளிநாடுகளில் குடும்பத்தை விலக்கிவைத்த காலம் அது. இங்கே ஆள் பற்றாக்குறையில் பிறந்த யோசனை நல்ல சிகிச்சையாகவே மாறிவிட்டது. கூட இருந்து பார்த்த அம்மாவுக்கு எந்த மாத்திரை எப்போது, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்பதெல்லாம் புரிந்தது.

கீழ்ப்பாக்கத்திலும் காற்று மாறியது. 1961இல் டாக்டர் சாரதா மேனன் அதன் கண்காணிப்பாளரானார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர் அவர். 1978 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். புறநோயாளிகள் சிகிச்சைக்கும், குணமானவர்கள் தொழில் கற்று வெளியே போவதற்கும் அவர் காலத்தில் அழுத்தம் தரப்பட்டது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 1992இல் பத்ம பூஷண் பெற்றார். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார்.

மருந்து வந்தது, குடும்பம் உள்ளே வந்தது, நல்ல மருத்துவர்கள் வந்தார்கள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. மனநோய்க்கென்று மாநில அரசு நடத்திய பெரிய மருத்துவமனை அந்த ஒன்றுதான், அது சென்னையில் இருந்தது. மதுரை போன்ற பெரிய ஊர்களின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் வந்தன என்பது உண்மை. ஆனால் கிராமத்தில் இருந்து பார்த்தால் அதுவும் ஒரு நாள் பயணம்தான்.

கோயிலும் தர்காவும் ஏன்?

திருநெல்வேலியில் இருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கும் மேல். இராமநாதபுரத்தில் இருந்து 500க்கும் மேல். நிலை தடுமாறிய ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போய்ச் சேர்ந்தால் தங்க இடம் வேண்டும். சாப்பாடு வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

பக்கத்திலேயே கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது. மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம். அன்னதானம் உண்டு. யாரும் ஃபாரம் நிரப்பச் சொல்ல மாட்டார்கள். "பைத்தியம்" என்று எழுதி முத்திரை குத்த மாட்டார்கள். "சாமி பார்த்துக்கும்" என்பார்கள். மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் காசில்லாத குடும்பத்தின் இடத்தில் இருந்து பார்த்தால் அது ஒரு நியாயமான முடிவாகவும் தெரிகிறது.

இதில் ஒரு சுவையான ஆய்வும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் உள்ளிட்ட மருத்துவர்கள், தமிழகத்தின் ஒரு சிற்றூர்க் கோயிலில் வந்து தங்கிய 31 நோயாளிகளைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சில வாரம் தங்கியதிலேயே அவர்களின் நோய் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே பெரிய சடங்கு எதுவும் நடக்கவில்லை. அன்பான சூழலும், கூடவே இருந்த உறவினரும், சின்னச் சின்ன வேலைகளும்தான். வேலூரிலும் அமிர்தசரஸிலும் மருத்துவர்கள் கண்டுபிடித்த அதே விஷயம்!

ஆக, கோயில் வாசலில் தங்குவது தானாகவே தீங்கு என்று சொல்ல முடியாது. தீங்கு எங்கே தொடங்குகிறது என்றால், உறவினர் விட்டுவிட்டுப் போகும்போது, அந்த இடத்தில் ஒரு வியாபாரி வந்து உட்காரும்போது.

2001 ஆகஸ்ட் 6

இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்கு எல்லா மதத்தினரும் வருவார்கள். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் நோயாளிகளையும் அழைத்து வருவார்கள். கனவில் உத்தரவு கிடைக்கும் வரை தங்க வேண்டும் என்பது நம்பிக்கை. அது சில நாளாகவும் இருக்கலாம், சில வருடமாகவும் இருக்கலாம்.

சில வருடம் கூடவே தங்க எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? அந்த இடைவெளியில்தான் தனியார் விடுதிகள் முளைத்தன. தர்காவுக்கும் அவற்றின் நிர்வாகத்துக்கும் சம்பந்தம் இல்லை. மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கீற்றுக் கொட்டகை. ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டால் செலவு. சங்கிலி ஒரே ஒரு முறைதான் செலவு. எனவே சங்கிலி போட்டார்கள்.

1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்திருந்தது. இப்படிப்பட்ட விடுதிகளுக்கு உரிமம் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எட்டு வருடமாக அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. கொட்டகைகள் ஏர்வாடியில் இருந்தன. இரண்டும் சந்திக்கவே இல்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அப்படி ஒரு விடுதியில் தீப்பிடித்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. அங்கேயே 25 பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 28 ஆனது.

ஒரு வாரத்தில் அரசு எல்லா விடுதிகளையும் மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2002 பிப்ரவரியில் அது போட்ட உத்தரவு, மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம் என்பதையும், அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும் என்பதையும் கிராமம் கிராமமாக மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஒவ்வொரு மாநிலத்திலும் என்னென்ன வசதி இருக்கிறது என்று கணக்கெடுக்கவும் சொன்னது.

அந்த 28 பேரின் வீட்டாரை அன்று பலரும் திட்டினார்கள். பெற்ற பிள்ளையைச் சங்கிலியில் விட்டுவிட்டு எப்படிப் போனார்கள் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில், மாத்திரை தரும் இடம் எது இருந்தது?

பெல்லாரியில் கிடைத்த விடை

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்விக்கு இந்தியா அதற்கு இருபது வருடம் முன்பே விடை கண்டுபிடித்திருந்தது.

1975 வாக்கில் பெங்களூருக்குப் பக்கத்தில் சகலவாராவிலும், ஹரியானாவில் ராய்ப்பூர் ராணியிலும் இரண்டு சோதனைகள் நடந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரண டாக்டருக்கும் கிராம சுகாதாரப் பணியாளருக்கும் பயிற்சி கொடுத்து, நாலைந்து அடிப்படை மருந்துகளையும் கொடுத்தால், பெரும்பாலான மனநோயாளிகளை ஊரிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று தெரிந்தது. அதன் அடிப்படையில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1985இல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் அதை ஒரு முழு மாவட்டத்துக்கும் செய்து காட்டியது. அதுதான் 'பெல்லாரி மாதிரி' என்று பெயர் பெற்றது.

1996இல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தை நான்கு மாநிலங்களில், மாநிலத்துக்கு ஒரு மாவட்டம் என்று தொடங்கியது. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் திருச்சி. ஒரு மனநல மருத்துவர் குழு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஊர் ஆஸ்பத்திரிக்கு வரும். நோயாளியைப் பார்க்கும். ஒரு மாதத்துக்கு மாத்திரை தரும். அடுத்த மாதம் அதே நாளில் திரும்ப வரும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' தான் எவ்வளவு பெரிய விஷயம்!

2001இல் ஏர்வாடி தீப்பிடித்தபோது இந்தத் திட்டம் நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு வந்திருக்கவில்லை. தீக்குப் பிறகு வேகம் கூடியது. பின் வந்த வருடங்களில் படிப்படியாகத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. ஏர்வாடியிலேயே தர்காவுக்கு வருபவர்களுக்கு மனநல மருத்துவர் மருந்து தரும் ஏற்பாடும் வந்தது. துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்ற யோசனை. தொழுகைக்கு வந்தவரை விரட்டாமல், வந்த இடத்திலேயே சிகிச்சை.

மருந்துக்கு யார் விலை வைப்பது?

டாக்டர் பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது. மருந்தும் இருக்க வேண்டும். மனநோய்க்கான மாத்திரையை மாதக் கணக்கில், சிலர் வருடக் கணக்கில் சாப்பிட வேண்டும். ஒரு மாதம் நின்றாலும் நோய் திரும்பலாம்.

இங்கே வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நிறுவனம் இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு அரசு 'தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்' என்ற நிறுவனத்தை கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தது. அதற்கு முன் மருந்து வாங்குவதில் சிதறலும் தட்டுப்பாடும் இருந்தன. கழகம் வந்த பிறகு, அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று போட்டார்கள். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டார்கள். பிராண்டு பெயர் இல்லாமல், மருந்தின் மூலப் பெயரில் வாங்கினார்கள். தரப் பரிசோதனை செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து, கணக்கில் கழித்துக்கொண்டு விநியோகித்தார்கள்.

மொத்தமாக வாங்குபவருக்குத்தான் பேரம் பேசும் சக்தி. பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் இந்த விதிதான், மனநோய்க்கான அடிப்படை மாத்திரைகளும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வழி செய்தது. இந்த முறையைப் பின்னாளில் வேறு மாநிலங்களும் பின்பற்றின.

இலவசத்தின் விலை

அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிட்டதா?

நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் (தமிழ்நாடும் அதில் ஒன்று) நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2016இல் வெளியானது. அதன்படி, மனநோய் உள்ளவர்களில், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. சிகிச்சை பெற்ற குடும்பங்கள் மாதம் சுமார் 1000 முதல் 1500 ரூபாய் வரை கைக்காசைச் செலவழித்தன. எதற்காக? சிகிச்சைக்கும், பயணத்துக்கும்.

பயணத்துக்கு! ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி ஒருவர், துணைக்கு ஒருவர். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் இருவருக்கும் கூலி போச்சு, 1000 ரூபாய். போக வர பஸ் செலவு இருவருக்கும் சேர்த்து 240. டீ, சாப்பாடு 160. டாக்டர் ஃபீஸ் பூஜ்யம். மருந்து பூஜ்யம். மொத்தம் 1400 ரூபாய். இலவச சிகிச்சையின் விலை இது. பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று படிக்கிறோமே, அது பரீட்சையில் இரண்டு மார்க். இங்கே அது ஒருவர் மாத்திரையை நிறுத்துவதற்கான காரணம்.

இந்தக் கணக்கில் எந்த வரியைக் குறைத்தாலும் யாரோ ஒருவர் சிகிச்சையைத் தொடர்வார். 2010இல் ஸ்கார்ஃப் அமைப்பு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸை ஊர் ஊராக அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு திரை. சென்னையில் இருக்கும் மருத்துவர் திரையில் பேசுவார். மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது. அதை யாரும் மனநலத் திட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் மேலே உள்ள கணக்கில், மகனைக் கூட்டிப்போகும் அம்மாவின் டிக்கெட்டில் அது கை வைக்கிறது அல்லவா?

சட்டம் தந்த உரிமை

2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018இல் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கதையில் முதல் முறையாக ஒரு சட்டம் நோயாளியை ஆபத்தானவர் என்ற கண்ணில் பார்க்காமல் உரிமை உள்ளவர் என்று பார்த்தது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் இயங்கும் இடங்களில் கட்டுப்படியாகும் செலவில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் அது இலவசம். சங்கிலி போடுவதற்கு வெளிப்படையான தடை. உடல்நோய்க்குத் தருவதுபோல மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கு அதை நினைவூட்டியது.

காப்பீட்டில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனநோய்க்கான செலவில் பெரும் பகுதி புறநோயாளிச் செலவு. மாதாமாதம் பார்ப்பது, பேசுவது, மாத்திரை வாங்குவது. எனவே பாலிசி இருந்தாலும் கைக்காசு கரையும். தனியார் கவுன்சலிங் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப் போகும் மாணவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2022 அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளில், மத்திய அரசு டெலி-மானஸ் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். தேவைப்பட்டால் அவர்களே மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' அமைப்பு, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைக் காசு வாங்காமல் கேட்கும் வேலையை அதற்கும் பல வருடம் முன்பே செய்துவந்தது.

1871இல் கீழ்ப்பாக்கம், 1997 வாக்கில் மாவட்டத்தின் ஆஸ்பத்திரி, 2010இல் ஊருக்குள் வரும் பஸ், 2022இல் கையில் இருக்கும் போன். வரிசையாக எழுதிப் பார்த்தால் தூரம் எப்படிச் சுருங்கி வந்திருக்கிறது என்று தெரிகிறது.

மிச்சம் இருக்கும் தூரம்

ஆனால் போனில் ஆறுதலும் வழிகாட்டலும் கிடைக்கும், ஊசி போட முடியாது. பல மாவட்டங்களில் மனநல மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடந்த காலங்கள் உண்டு. ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பிய வருடங்களும் உண்டு. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் வந்தது என்பதும், எல்லா மாதமும் குழு வந்தது என்பதும் ஒன்றல்ல.

இன்னொரு தூரமும் பாக்கி இருக்கிறது. அது கிலோமீட்டரில் வராது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு காய்ச்சலுக்கு வந்தவர் நிற்கும் அதே வாசலில்தான் கிடைக்கிறது. அந்த வாசலுக்குள் நுழைய ஒரு மாணவர் ஏன் ஆறு மாதம் யோசிக்கிறார்? யாராவது பார்த்துவிட்டால், மறுநாள் வகுப்பில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிரிப்பார்கள் என்ற பயம்.

டெண்டர் விட்டு மருந்து விலையைக் குறைக்கலாம். பஸ் விட்டுப் பயணச் செலவைக் குறைக்கலாம். இந்தக் கடைசிச் செலவைக் குறைக்க எந்தக் கழகமும் தேவையில்லை. அடுத்த முறை அந்த வசனம் நாக்கு நுனி வரை வரும்போது, பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.